வீட்டுக் கோழிகளுக்கு இயற்கைத் தீவனம்: கம்பும் குருணையும் மட்டும் போதாதா?

கேள்வி: கொல்லைக்கூடு, திருவொற்றியூர்

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகளை வளர்த்து வருகிறோம். முட்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் வயதான மாமியாருக்கும்தான்; விற்கும் எண்ணம் இல்லை. குழந்தைகள் உண்ணும் முட்டை என்பதால், உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மூட்டைத் தீவனத்தை நிறுத்திவிட்டு, இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் விளைந்த தானியங்களை வாங்கி நானே தீவனம் கொடுக்கத் தொடங்கினேன். இப்போது கொடுப்பவை கம்பு, அரிசிக் குருணை, சில நாள் கேழ்வரகு, அரிந்த கீரை, காய்கறித் தோல்.

கோழிகள் விரும்பித்தான் தின்கின்றன. ஆனால் கோடை தொடங்கியது முதல் முட்டை குறைந்துவிட்டது. இடுகிற முட்டையின் ஓடும் மெலிந்து, கூட்டிலிருந்து எடுக்கும்போதே கட்டைவிரல் பட்ட இடம் உள்வாங்கிவிடுகிறது. இரண்டு பெட்டைகளின் வாலடியில் இறகு கொத்தப்பட்டுத் தோல் சிவந்து தெரிகிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அதன் அளவைக் கூட்டிப் பார்த்தேன். ஓட்டில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

மறுபடி மூட்டைத் தீவனத்துக்குப் போக எனக்கு விருப்பம் இல்லை. இயற்கையான பொருள்களைக் கொண்டே முழுமையான தீவனத்தை வீட்டில் கலப்பது எப்படி, அவற்றை வடசென்னையில் எங்கே பார்த்து வாங்குவது, கடற்காற்றின் ஈரத்தில் கெடாமல் எப்படி வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: தீவனக்கணக்கு, மாதவரம்

வணக்கம் அம்மா. கோழித் தீவனக் கலவைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தானியங்கள் தூய்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீங்கள் கூறும் மூன்று அறிகுறிகளும், அதாவது முட்டை குறைவது, ஓடு மெலிவது, இறகைக் கொத்துவது ஆகியவை, தீவனம் தூய்மையாக இருந்தும் நிறைவாக இல்லை என்பதையே காட்டுகின்றன.

முதலில் ஓட்டைப் பார்ப்போம். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தின்பதில் பாதியளவுதான் உடலில் சேரும் என்பதால், முட்டையிடும் நாளில் ஒரு பெட்டைக்கு 4 கிராம் வரை தேவைப்படும். நாட்டுக் கோழி நாளொன்றுக்கு 80 முதல் 100 கிராம் வரை தீவனம் எடுக்கும். 100 கிராம் கம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 40 மில்லிகிராம். குருணையில் அதைவிடக் குறைவு. தானியங்களில் கேழ்வரகுக்கு இந்தச் சத்தில் இணையில்லை என்பது உண்மையே, ஆயினும் 100 கிராம் கேழ்வரகிலும் 350 மில்லிகிராம் அளவுதான் உண்டு. கோழிக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்கு கூட அதிலிருந்து கிடைக்காது. மிச்சத்தை அது தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடாக்கும். எலும்பில் இருப்பு குறைந்ததும் ஓடு மெலியும். இதற்குக் கிளிஞ்சல் ஒன்றே போதும். கழுவி வெயிலில் காய்ந்த கிளிஞ்சலை அரிசி நொய் அளவுக்கு உடைத்துத் தனிக் கிண்ணத்தில் மாலை வேளையில் வையுங்கள். ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் உருவாகிறது. மாவாக அரைத்த கிளிஞ்சல் விரைவில் கரைந்து போய்விடும், பருமனான துண்டுகளோ இரவெல்லாம் வயிற்றில் தங்கிச் சிறிது சிறிதாகக் கரையும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பையோ நீரிலும் தீவனத்திலும் கலக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வாயையும் குடலையும் புண்ணாக்கக் கூடியது, வேண்டவே வேண்டாம்.

கோடையில் ஓடு மெலிவதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றும். அப்படி இளைக்கும்போது இரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுவதால், ஓட்டுக்குரிய கார்பனேட் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, வெயிலில் அது தின்பதே குறையும். ஆகவே கத்திரி வெயில் முடியும் வரை தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் கொடுத்து, நண்பகலில் நிழலில் குளிர்ந்த நீரை இரண்டு மூன்று முறை மாற்றி வையுங்கள்.

அடுத்தது புரதம். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும். கம்பில் 11, குருணையில் 8 என்றால் உங்கள் கலவை 10 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். இறகு ஏறத்தாழ முழுவதுமே புரதம். அதிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் (புரதத்தின் அடிப்படைக் கூறுகள்) மிகுந்த புரதம். அது போதாதபோது கோழி அதை அடுத்த கோழியின் இறகில் தேடும். உப்புக் குறைவும் கொத்தும் பழக்கத்தைத் தூண்டும்.

பெட்டைகளுக்கு 10 கிலோ கலவை செய்ய நான் பரிந்துரைப்பது இது. உடைத்த மஞ்சள் மக்காச்சோளம் மூன்றரை கிலோ, கம்பு ஒன்றரை கிலோ, குருணை அரை கிலோ, உமி கலக்காத தவிடு ஒரு கிலோ. இவை உடலுக்குச் சூடும் தெம்பும் தருபவை. புரதத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு ஒரு கிலோ, எள்ளுப் பிண்ணாக்கு 800 கிராம், உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 700 கிராம். நிழலில் உலர்த்திய முருங்கை இலைத் தூள் 200 கிராம், கிளிஞ்சல் 700 கிராம், கோழிக்கென்றே விற்கும் தாது உப்புக் கலவை 100 கிராம். இவற்றோடு சமையல் உப்பு 20 கிராம். இதில் புரதம் 17 சதவீதத்துக்குக் குறையாது. சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்தைத் தாண்டும். நாள்தோறும் முட்டையிடும் பண்ணைக் கோழிக்கு மூன்றரை சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்றாலும், ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும் நாட்டுப் பெட்டைக்கு இதுவும் தனிக் கிண்ணத்துக் கிளிஞ்சலும் தாராளம்.

ஏன் மூன்று புரதப் பொருள்கள் என்று கேட்கலாம். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டால் ஆகாதா என்பதுதான் பலர் கேட்பது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் மெத்தியோனின், லைசின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்களும் குறைவு. எள்ளில் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. மீனில் இரண்டும் நிறைவாக உண்டு. தொழிற்சாலைத் தீவனத்தில் மெத்தியோனினைச் செயற்கையாகச் சேர்த்து இதைச் சரிசெய்கிறார்கள். நாம் எள்ளையும் மீனையும் கொண்டு அதே வேலையைச் செய்கிறோம். வீட்டுத் தீவனம் வெற்றி பெறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

மாட்டுக்கான தாது உப்பு கைவசம் இருந்தாலும் அதைக் கலக்காதீர்கள். கோழிக்கு மாங்கனீசு கூடுதலாக வேண்டும். அது குறைந்தால் வளரும் குஞ்சுகளின் கால் மூட்டில் தசைநாண் விலகி நொண்டும். முழுத் தானியம் கொடுக்கும் நாள்களில் கிளிஞ்சலைத் தவிரச் சிறு கருங்கல் பொடியும் வேண்டும், ஏனென்றால் கிளிஞ்சல் வயிற்றில் கரைந்துவிடும், தானியத்தை அரைத்துத் தருவது கரையாத கல்தான்.


பதில்: காசிமேட்டுக் கரை, காசிமேடு

சகோதரிக்கு வணக்கம். மேலே ஐயா சொன்ன கணக்கில் கருவாட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் கவனக்குறைவாக இருக்கும் பொருள் அதுதான்.

வீட்டுக் குழம்புக்கு வாங்கும் கருவாட்டில் எடைக்கு 15 சதவீதம் வரை உப்பு இருப்பது சாதாரணம். 700 கிராம் போட்டால் 105 கிராம் உப்பு தீவனத்துக்குள் போய்விடும். 10 கிலோ தீவனத்துக்கு மொத்தத் தேவையே 30 கிராம். மிகுந்த உப்பால் கோழி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராய்ப் போகும், குஞ்சுகள் செத்தே போகும். எனவே கடையில் கேட்கும்போது கோழித் தீவனத்துக்கு, உப்புப் போடாமல் காய்ந்தது என்று தெளிவாகக் கேளுங்கள். நெத்திலி, காரப்பொடி ஆகிய மீன்கள் சிறியவை என்பதால் உப்பில்லாமலே நல்ல வெயிலில் காய்ந்துவிடும். ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிய வேண்டும், நடு முள்ளருகே ஈரம் இருக்கக் கூடாது, நுனி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது. மணல் தரையில் காய்ந்ததை வாங்கினால் சல்லடையில் நன்றாகச் சலியுங்கள். எடையில் கணிசமான பங்கு மணலாகவே இருக்கும், நீங்கள் போட்ட புரதக் கணக்கு அங்கேயே தவறிவிடும். வலையிலோ கயிற்றுக் கட்டிலிலோ காய்ந்த மீனில் இந்தத் தொல்லை இல்லை. உப்புக் கருவாடுதான் கிடைத்தது என்றால், நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, நீரை இருமுறை மாற்றிக் கொட்டிவிட்டு, மறுபடி முறுகக் காயவைத்து அரைக்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும். ஃபைபர் படகுகள் போய் வந்தாலும் வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். மார்ச் மாத வெயிலிலேயே வாங்கிக் காயவைத்து வைத்துக்கொள்வது சிக்கனம். இறால் உரிக்கும் இடங்களில் கிடைக்கும் தலையையும் ஓட்டையும் வேகவைத்துக் காயவைத்துக் கொஞ்சம் கலந்தால் மஞ்சள் கரு நன்றாகச் சிவக்கும். அதில் செரிக்காத ஓட்டுப் பகுதி மிகுதி என்பதால் மீனுக்கு மாற்றாக அதை மட்டும் நம்ப வேண்டாம். எந்த மீனையும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டினால் முட்டையில் மீன் வாடை வரும்.


கேட்டவர்: கொல்லைக்கூடு, திருவொற்றியூர்

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தெளிவான கணக்கை நான் எங்கும் படித்ததில்லை. கிளிஞ்சலை இன்று மாலையே வைத்துவிடுகிறேன்.

இரண்டு ஐயங்கள். இயற்கை முறையில் விளைந்த தானியம் கிடைக்கிறது. ஆனால் பிண்ணாக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. மரச்செக்குக் கடையில் வாங்கினால் போதுமா? அடுத்து, கடலைப் பிண்ணாக்கு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து நஞ்சாகும் என்கிறார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் உப்புக் கூட நீர் விட்டுக்கொள்கிறது. மீன் சேர்க்காமல், நீரில் மிதந்து வளரும் அசோலாச் செடியை மட்டும் வளர்த்துப் புரதத்தைச் சமாளிக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன், அதுவும் சரியா?


பதில்: தீவனக்கணக்கு, மாதவரம்

இயற்கை வேளாண் சான்றுக்கு இந்தியாவில் இரண்டு வழிகள் உள்ளன. 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் கீழ் மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் தரும் சான்று ஒன்று. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சரிபார்க்கும் பங்கேற்பு உறுதி முறை மற்றொன்று. பொட்டலத்தில் இருக்கும் ஜைவிக் பாரத் முத்திரை இரண்டுக்கும் பொது. பிண்ணாக்கைப் பொறுத்தவரை, சான்று பெற்ற எள்ளையும் கடலையையும் நீங்களே வாங்கிச் செக்கில் ஆட்டக் கொடுத்து எண்ணெயையும் பிண்ணாக்கையும் பெற்றுக்கொள்வதே நம்பகமான வழி. வீட்டுக்கு எண்ணெய் எப்படியும் வேண்டும் என்பதால் செலவும் உறுத்தாது. பெரிய ஆலைகளில் எண்ணெயை ஹெக்சேன் என்னும் கரைப்பானால் பிரித்தெடுத்த புண்ணாக்குத் தூள் மலிவாகக் கிடைக்கும். கடைகளில் விற்கும் சோயாத் தூள் பெரும்பாலும் அவ்வகைதான். இயற்கைத் தீவனம் என்ற நோக்கத்துக்கு அது பொருந்தாது. செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அதனால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

கடலைப் பிண்ணாக்கைப் பற்றி உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. அவற்றுக்கு ஊட்டப்பட்ட, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே உலகத்துக்குத் தெரியவந்தது. அது கல்லீரலைக் கெடுப்பது. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாதபோதும் நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் வெயிலில் போட்டாலும் முழுமையாக அழியாது. ஆகவே பூஞ்சை பிடித்ததைக் காயவைத்துக் கொடுப்பது பயன் தராது, தூர எறிவதே வழி. மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

என் பரிந்துரை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை முடியும்வரை கடலைப் பிண்ணாக்கை முற்றிலும் நிறுத்திவிட்டு, அந்த ஒரு கிலோவுக்கு மாற்றாக வறுத்த சோயா பயறு ஒரு கிலோ நூறு கிராம் போடுங்கள், மக்காச்சோளத்தில் நூறு கிராமைக் குறைத்தால் எடை சரியாகும். சோயாவைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, ஏனெனில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் அதில் உண்டு. தோல் வெடித்து, உள்பருப்பு இளம்பழுப்பாகி, வறுத்த கடலை மணம் வரும் வரை இளந்தீயில் வறுத்து ஆறவைத்து உடைத்தால் அந்தத் தடை நீங்கிவிடும். தானியத்தைப் பல்லால் கடித்தால் மசியாமல் உடைய வேண்டும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்கிறது என்பதற்கு வீட்டில் கிடைக்கும் அடையாளம் அது. மூடி இறுக்கமான டின் பீப்பாயில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கலந்த தீவனம் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை கலப்பது நல்லது.

அசோலாவை வளருங்கள், மிக நல்ல பசுந்தீவனம். ஆனால் காணொளிகளில் சொல்லப்படும் 25 சதவீதப் புரதம் உலர்ந்த எடைக்கு உரியது. பறித்தெடுத்த ஈர அசோலாவில் 93 முதல் 95 சதவீதம் நீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் உங்களுக்குக் கிடைக்கும் புரதம் 12 முதல் 17 கிராம் வரைதான். கோழியின் தீனிப்பை நிறைந்துவிடும், தேவை நிறையாது. மீனின் வேலையை அது செய்யாது. சென்னை வெயிலில் பாதி நிழல் இல்லாவிட்டால் வாடிவிடும் என்பதையும், அடர்ந்து படராத தொட்டியில் கொசு முட்டையிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மீனுக்கு உண்மையான துணை புழுக்கள்தான். வீட்டுக் காய்கறிக் கழிவைக் கம்போஸ்ட் தொட்டியில் போடுகிறவர்கள், கறுப்பு சோல்ஜர் ஈயின் தடித்த சாம்பல் நிறப் புழுக்களை அதில் பார்த்திருப்பார்கள். உலர் எடையில் அவற்றில் 40 சதவீத அளவுக்குப் புரதம் உண்டு. கிராமங்களில் பானைக்குள் பழைய சாக்கும் சாணமும் வைத்துக் கவிழ்த்து, ஓர் இரவில் கரையான் பிடித்துக் குஞ்சுகளுக்குக் கொட்டுவதும் இதே அறிவின் பயன்தான். மர நிலைகளும் அலமாரிகளும் உள்ள நகர வீட்டில் அதை மட்டும் தவிர்த்துவிடலாம்.


பதில்: நெல்மணி, செங்குன்றம்

தவிட்டைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளில் பச்சரிசித் தவிடு, புழுங்கலரிசித் தவிடு என இரண்டும் கிடைக்கும். பச்சரிசித் தவிட்டில் எண்ணெயைச் சிதைக்கும் நொதி உயிரோடு இருப்பதால் ஆலையிலிருந்து வந்த சில நாள்களிலேயே கசந்துவிடும். நெல்லைப் புழுக்கும்போது அந்த நொதி அழிந்துவிடுவதால் புழுங்கல் தவிடு கூடுதல் நாள் தாங்கும். கடற்கரைப் பகுதியில் இருப்பவர்கள் புழுங்கல் தவிட்டையே கேட்டு வாங்குங்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள்: நல்ல தவிடு மாவாக ஒட்டிக்கொண்டு எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும், உமி கலந்திருந்தால் குத்தும். உமியில் இருப்பது பெரும்பாலும் செரிக்காத நாரும் மணலில் உள்ள சிலிக்காவுமே, கோழிக்கு அதனால் பயனில்லை.


பதில்: முகத்துவாரம், எர்ணாவூர்

தீவனத்தைப் பற்றி எல்லாரும் நிறைவாக எழுதிவிட்டார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது வேறு ஒன்று. கோழி தொட்டியில் இருப்பதை மட்டும் தின்பதில்லை. நாள் முழுதும் மண்ணைக் கிளறி, புழு பூச்சியோடு மண்ணையும் விழுங்குகிறது. மண்ணில் ஈயம் போன்ற உலோகம் இருந்தால் அது முட்டைக்குள்ளும் வருகிறது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, வீடுகளின் சுவரில் கறுப்புக் கோடாக ஒட்டியிருந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சகோதரியின் கொல்லை அந்த வெள்ளத்தில் மூழ்கிய இடமா என்பது எனக்குத் தெரியாது. மூழ்கியிருந்தால் தானியத்துக்குக் காட்டும் அக்கறையை மண்ணுக்கும் காட்டியாக வேண்டும்.

செய்யக் கூடியவை உண்டு. கோழி உலவும் இடத்தில் ஓரத்தில் செங்கல் அடுக்கி, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி மேடாக்குங்கள். தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தொட்டியில் வையுங்கள். தரையில் இறைத்தால் ஒவ்வொரு மணியோடும் மண்ணும் உள்ளே போகும். பழைய பெயின்ட் உதிரும் சுவரோரம், வண்டி கழுவும் இடம், குப்பை எரித்த இடம் ஆகியவற்றுக்குக் கோழி போகாதபடி வேலி கட்டுங்கள். கால்வாய்க் கரையிலும் சாக்கடை நீரிலும் முளைத்த கீரையை விலையின்றிக் கிடைத்தாலும் பறிக்காதீர்கள். அசோலா நீரில் உள்ள உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் தாவரம் என்பதால், தொட்டிக்குக் குடிக்கத் தகுந்த நீரையே விட வேண்டும். முகத்துவாரத்தில் பிடித்த மீனையும் மட்டியையும் தீவனத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை. கடல் மீனும் பழைய கிளிஞ்சலுமே வாங்குகிறேன்.


கேட்டவர்: கொல்லைக்கூடு, திருவொற்றியூர்

ஐயா சொன்னது என் மனத்தை மிகவும் தைத்தது. வெள்ளம் எங்கள் தெரு முனையோடு நின்றுவிட்டது; ஆயினும் கொல்லையின் ஒரு மூலையில் முன்பு குப்பை எரித்த இடம் உண்டு. அதை அடைத்துச் செம்மண் போட ஏற்பாடு செய்கிறேன். கடைசியாக ஒன்று: ஒரு பெட்டை அடைகாத்துக் கொண்டிருக்கிறது. குஞ்சு பொரித்த பின் அவற்றுக்கும் இதே கலவையை நன்றாக அரைத்துக் கொடுக்கலாமா?


பதில்: தீவனக்கணக்கு, மாதவரம்

கூடாது அம்மா. கேட்டது நல்லதாயிற்று. குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து ஒரு சதவீதம் போதும். முட்டைக் கோழித் தீவனத்தில் இருக்கும் 3 சதவீதம் வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதே நேரம் புரதம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கிலோவுக்கு, மாவும் நொய்யுமாக உடைத்த கம்பு 400 கிராம், மக்காச்சோள நொய் 150, வறுத்துப் பொடித்த சோயா 150, எள்ளுப் பிண்ணாக்கு 100, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 100, புழுங்கல் தவிடு 80, தாது உப்புக் கலவை 20 கிராம். கிளிஞ்சல் வேண்டாம். கடலைப் பிண்ணாக்கைக் குஞ்சுகளுக்கு எந்தப் பருவத்திலும் நான் சேர்ப்பதில்லை, பூஞ்சை நஞ்சு இளங்கல்லீரலைத்தான் முதலில் தாக்கும்.

தாய்க் கோழி குஞ்சுத் தீவனத்தைத் தின்று தீர்த்துவிடும் என்பது எல்லார் வீட்டிலும் உள்ள சிக்கல். பஞ்சாரத்தைச் செங்கல் மேல் நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்து, தீவனத் தட்டை அதன் நடுவில் வையுங்கள். குஞ்சுகள் இடுக்கு வழியாக உள்ளே போய் வரும்; தாய் வெளியே நிற்கும். தாய்க்கு அதன் கலவையைக் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் தனியாக வைத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குப் பின் கம்பைக் கூட்டி, சோயாவையும் கருவாட்டையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பெட்டைகள் கொண்டை சிவந்து முட்டைக்கு இடம் தேடத் தொடங்கும்போதுதான் கிளிஞ்சல் கலந்த தீவனத்துக்கு மாற்ற வேண்டும்.

கலவையின் தரத்தில் ஐயம் இருந்தால் பரிசோதனைக்கும் வழி உண்டு. மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம், நேரில் போய் ஆலோசனை கேட்கலாம். பூஞ்சை நஞ்சுக்கான ஆய்வை நாமக்கல்லில் உள்ள அதே பல்கலைக்கழகத்தின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் செய்து தருகிறது. ஒரு வீட்டுக்கு அந்தக் கட்டணம் கூடுதலாகத் தோன்றினால், ஒரே செக்கில் பிண்ணாக்கு எடுக்கும் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு மாதிரியை அனுப்பலாம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.